இவர் பதக்கம் டெக்சாஸில் இருக்கிறது

நியூவர்க் விமான நிலையத்தில் கஸ்டம்ஸ்காரர் என் பெட்டியைத் திறந்து முதலில் வெளியே எடுத்தது கறிவேப்பிலை. தங்கச்சி ஆசையாகக் கேட்டாளே என்று வீட்டு மரத்திலிருந்து பறித்து, ஈரத்துணியில் சுற்றிப் புடவைகளுக்கு நடுவே வைத்திருந்தேன். இதற்கெல்லாம் அனுமதி இல்லை என்று சொல்லி, செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கித் தொட்டியில் போட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அடுத்துப் பருப்புப் பொடியை முகர்ந்து பார்த்தார், தும்மினார். நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் நீல வெல்வெட் பெட்டி.

"இது என்ன?"

"மெடல். மை ஹஸ்பண்ட். ஆர்மி. பிரேவ்." பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காக இங்கிலீஷில் கணக்குப் பாடம் நடத்துகிறவள்தான் நான். அந்த யூனிஃபார்மைப் பார்த்ததும் எனக்கு ஒற்றை ஒற்றை வார்த்தையாகத்தான் வந்தது.

அவர் பெட்டியைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற இவரை நிமிர்ந்து பார்த்து, "உங்கள் சேவைக்கு நன்றி, சார்" என்றார். இவர் நெளிந்தார். "நான் உங்கள் ராணுவம் இல்லை" என்று சொல்லிப் பார்த்தார். "எந்த ராணுவமானால் என்ன" என்று சொல்லிவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அந்த மனுஷன் அன்றைக்கே அதைத் திறந்து பார்த்திருந்தால் என் மானம் மிஞ்சியிருக்கும்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். கர்னல் தாமோதரன், ரிட்டயர்டு. வாலிபத்தில் இந்தியாவுக்காக ரக்பி ஆடியவர். கிரிக்கெட் ஆடியிருந்தால் கோயமுத்தூரில் எங்கள் தெருவுக்கே இவர் பேரை வைத்திருப்பார்கள். ரக்பி என்றதும் பெண் பார்க்க வந்த அன்றைக்கே எங்கப்பா திருதிருவென்று விழித்தார். "ஹாக்கி மாதிரி ஏதோ" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி ஒப்பேற்றினார். முட்டை வடிவத்தில் ஒரு பந்து. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். எதிரே வருகிறவன் மேலே விழுந்து மண்ணோடு மண்ணாக அமுக்குவான். தலைக்கோ தோளுக்கோ கவசம் என்று எதுவும் கிடையாது. சம்பளமும் கிடையாது. இதற்கு ராணுவமே தேவலாம் என்று நினைத்தாரோ என்னவோ, இந்திய அணியில் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஆபீசர் டிரெயினிங் போய்விட்டார். அங்கேயும் விடாமல் ரெஜிமென்ட் அணியில் ஆடினார். வலது காது அங்கேதான் போச்சு. காய்ந்த வடகம் மாதிரி சுருண்டு கிடக்கும். பார்க்கிறவர்கள் குண்டு உரசிய தழும்பு என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்துவதில்லை.

பதக்கம் கிடைத்தது வடக்கே ஒரு மலையில் நடந்த சண்டைக்காக. மறைந்திருந்து சுட்டதில் இவருடைய ஆட்கள் இரண்டு பேர் விழுந்துவிட்டார்கள். இவர் ஒருத்தரைத் தோளில் போட்டுக் கீழே கொண்டுவந்து சேர்த்துவிட்டு, மறுபடியும் ஏறிப் போய் இன்னொருத்தரைத் தூக்கி வந்தார். சுட்டுக்கொண்டேதான் இருந்தார்களாம். இதுகூடப் பேப்பரில் படித்துத்தான் எனக்குத் தெரியும். வீட்டில் இவர் வாயைத் திறந்ததே இல்லை. சட்டையில் அந்த வெள்ளிப் பதக்கத்தைக் குத்தியபோது கைக்குழந்தையோடு நான் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அது நீலப் பெட்டிக்குள் போனது; பெட்டி டிரங்குக்குள் போனது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பெட்டியை எடுத்து வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டுவேன். காத்து பட்டால் வெள்ளி கறுத்துவிடும் என்று இவர் சொன்னதால் திறப்பதில்லை.

இந்தத் தடவை பெட்டி கப்பலேறியது, அதாவது விமானம் ஏறியது, எங்கள் ஒரே பையன் அருணுக்காக. கலிபோர்னியாவில், சன்னிவேலில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். சின்ன வயசில் அப்பாவைப் பார்த்ததைவிட அப்பா அனுப்பிய பார்சலைத்தான் அவன் அதிகம் பார்த்திருக்கிறான். "அம்மா, அப்பா மெடலைக் கொண்டு வா. என் ரூம்ல மாட்டிக்கறேன். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றான். எதையுமே கேட்காத பிள்ளை கேட்டுவிட்டான். இவரிடம் சொன்னபோது, "அதெல்லாம் எதுக்கு, விடு கோமதி" என்றார். அடக்கம் என்று நினைத்தேன். அடக்கமாவது ஒன்றாவது!

முதலில் நியூஜெர்சி. மான்மவுத் ஜங்ஷனில் என் தங்கை விஜி வீடு. ஜங்ஷன் என்றால் ஈரோடு ஜங்ஷன் மாதிரி டீயும் வடையுமாக இருக்கும் என்று போனேன். ஒரு ஸ்டேஷனையே காணோம். மறுநாள் காலையில் வாக்கிங் போனோம். எல்லா வீடும் ஒரே மாதிரி, எல்லாப் புல்லும் ஒரே உயரம், தெருவில் ஆள் வாடையே இல்லை. கடைசியில் எதிரே வந்த ஒருத்தர் நம்மூர்க்காரர். கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் பெரியப்பா வீட்டுக்குப் பின்தெரு! அங்கே இருந்தபோது பேசிக்கொண்டதில்லை. இங்கே நடுத்தெருவில் நின்று அரை மணி நேரம் பேசினோம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பூங்காவில் பிக்னிக் வைத்திருந்தார்கள். அலுமினியத் தட்டுகளில் பிரியாணி, ஒரு பக்கம் சோளம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல பிரியாணி, பொய் சொல்லக் கூடாது. விஜியும் அவள் வீட்டுக்காரர் சரவணனும் சேர்ந்து இவருக்குப் பொன்னாடை போர்த்த ஏற்பாடு செய்திருந்தார்கள். பேனரைப் பார்த்ததும் இவர் நின்றுவிட்டார். இரும்புக் கிராதி வைத்த ஹெல்மெட்டும் தோளில் திண்டுமாக ஒரு பயில்வான் படம். கீழே, "எங்கள் ரக்பி சிங்கமே வருக!"

"இது அமெரிக்கன் ஃபுட்பால் ஆச்சே" என்றார் இவர்.

"ரெண்டுக்கும் பந்து ஒரே ஷேப்தானே சகலை? கூகிள் பண்ணினா இதுதான் வந்துது" என்றார் சரவணன்.

பொன்னாடை போர்த்தினார்கள். அந்த ஊர்த் தமிழ்ச் சங்கத் தலைவர் அங்கிள் மைக்கில், "இப்போது கர்னல் அவர்களின் வீரப் பதக்கத்தை நாம் எல்லாரும் தரிசிக்கப் போகிறோம்" என்றார். நான் பெருமையாகப் பெட்டியை நீட்டினேன். அவர் திறந்தார். கை தட்டல் பாதியில் நின்றது. உள்ளே, மஞ்சள் பூத்த ஒரு ரப்பர்த் துண்டு. குதிரை லாடம் மாதிரி வளைந்து, மேலே முழுக்கப் பல் பதிந்த தடம்.

"ஐயோ, யாரோட பல்செட் இது?" என்றார் முன்வரிசையில் ஒரு ஆன்ட்டி.

"இஸ் இட் பெரியப்பா'ஸ் டீத்?" என்று கேட்டான் விஜியின் மகன். கூட்டம் சிரித்தது. எனக்கு அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. இத்தனை ஆயுத பூஜைக்கு இதற்கா கற்பூரம் காட்டினேன்?

இவர் பதறவே இல்லை. அதை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்துப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார். மைக்கை வாங்கி, "ஆடும்போது பல்லு உடையாம இருக்க வாயில போடறது. ஸாரி, மெடல் இதுல இல்லை" என்றார். நம் ஜனங்கள் நல்லவர்கள். அதற்கும் கை தட்டினார்கள்.

காருக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "மெடல் எங்கீங்க?"

"செல்வி வீட்டுல."

"எந்தச் செல்வி?"

"டெக்சாஸ் செல்வி."

"அங்க எப்படிப் போச்சு?"

"நான்தான் கொடுத்தேன். ரொம்ப வருஷம் ஆச்சு."

செல்வி யார் என்று சொல்லிவிடுகிறேன். இவர் மலையிலிருந்து தூக்கி வந்த இரண்டு பேரில் ஒருத்தர் பிழைத்தார். இன்னொருத்தர் ஹவில்தார் செல்லையா, கோவில்பட்டிப் பக்கத்து ஆள், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் இறந்துவிட்டார். அவருடைய ஒரே மகள்தான் செல்வி. படித்து வேலையாகி, கல்யாணமாகி, டல்லஸ் பக்கம் இருக்கிறாள். அவள் குழந்தைக்குக் காதுகுத்து, நீங்கதான் வந்தாகணும் என்று போன் செய்திருந்தாள். எந்த விசேஷத்துக்கும் அசையாத மனுஷன் அதற்கு மட்டும் உடனே சரி என்றார். எங்கள் பயணத்தின் கடைசி ஊர் அதுதான்.

கொடுத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. கட்டின பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? "மெடலை அவங்களுக்குக் கொடுத்துட்டு, பெட்டியை மட்டும் எனக்குக் கும்பிட விட்டு வச்சீங்களாக்கும்!" என்றேன். கலிபோர்னியா விமானத்தில் எங்கள் இருவருக்கும் நடுவில் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்கார அம்மாவை உட்காரவைத்துக்கொண்டேன். அந்த அம்மா பாவம், வழியெல்லாம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டே வந்தார்.

அருண் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது அவன் கட்டிலுக்கு மேலே சுவரில் அடித்திருந்த ஆணியை. வாடகை வீட்டில் ஹவுஸ் ஓனரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி அடித்தானாம். விஷயத்தைச் சொன்னேன். "ஓகேம்மா, நோ ப்ராப்ளம்" என்றான். முகம் அப்படிச் சொல்லவில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா?

"டெக்சாஸ் போறோமில்ல, நான் கேட்டு வாங்கிட்டு வந்துடறேன்டா கண்ணு" என்றேன்.

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா?" என்றார் இவர்.

"நீங்க கேக்க வேண்டாமுங்க. நான் கேக்கறேன். எம் பையனுக்கு அவங்கப்பா மெடல் வேணும். அவ்வளவுதான்."

அதன் பிறகு இரண்டு நாள் இவர் தன் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அதிலும் ஒரு நாள் தப்பித்துக்கொண்டார். எல் கமினோ ரியல் ரோட்டில் இட்லி தோசைக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு கடையில் இடம் கிடைக்க வாசலில் நின்றோம். பேர் கொடுத்தால் கூப்பிடுவார்கள். உள்ளே தோசைக்குள் சீஸ் வைத்துத் தந்தார்கள். இவர் இரண்டு சாப்பிட்டார், இன்னும் ஒன்று கேட்கவும் பார்த்தார். கொலஸ்ட்ரால் என்று வாய்வரை வந்தது. பேச்சுவார்த்தை இல்லாததால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் அருண் ஆபீஸ் போன பிறகு நாங்களே ரயிலில் சான் பிரான்சிஸ்கோ போய் வந்தோம். திரும்பும்போது தப்பு. ஏறியது எக்ஸ்பிரஸ். சன்னிவேல் ஸ்டேஷன் கண்ணெதிரே வந்தது, நான் பையைத் தூக்கிக்கொண்டு கதவருகில் நின்றேன், ரயில் நிற்காமல் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. "ஐயையோ, நிறுத்தச் சொல்லுங்க!" என்று கத்தினேன். பெட்டியில் யாரும் தலையைக்கூடத் தூக்கவில்லை. எல்லார் காதிலும் ஏதோ சொருகியிருந்தது. அடுத்து எங்கோ நின்ற இடத்தில் இறங்கி, திரும்பிப் போகும் வண்டிக்காக பெஞ்சில் உட்கார்ந்தோம்.

அங்கே காவலுக்கு நின்றவர் ஆறடிக்கு மேல், அதற்கேற்ற அகலம். இவர் காதையே உற்றுப் பார்த்தார். நான் புடவையை இழுத்துச் சரி செய்துகொண்டேன். பக்கத்தில் வந்து, தன் தொப்பியைக் கழற்றி, தலையைத் திருப்பிக் காட்டினார். அவருக்கும் அதே வடகக் காது! அவருக்கு இரண்டு பக்கமும்.

"முன்வரிசையா?" என்று கேட்டார்.

"முன்வரிசை" என்றார் இவர், சின்னப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டு.

அவர் ஊர் தென்கடலில் டோங்கா என்று ஒரு தீவாம். அங்கே பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்பே ரக்பி ஆடுமாம். இரண்டு பேரும் எழுந்து நின்று, தோளோடு தோள் முட்டி, பிளாட்பாரத்திலேயே எனக்கு ஸ்க்ரம் என்றால் என்ன என்று செய்து காட்டினார்கள். இரண்டு அணியும் தலையைக் கோத்துக்கொண்டு தள்ளுவது. முன்வரிசையில் மூன்று பேர். நடுவில் நிற்பவன் தன் இரண்டு கையையும் பக்கத்து ஆட்கள் கழுத்தில் போட்டுத் தொங்குவான். அவர்கள் பிடியை விட்டால் அவன் கழுத்து முறிந்துவிடும். அவன் தலை உரசி உரசித்தான் பக்கத்து ஆள் காது இப்படி ஆகும்.

"உன் காதை இப்படி ஆக்கியது யார்?" என்று கேட்டார் காவலர்.

இவர் அப்போது பேசினார். இங்கிலீஷில், மெதுவாக, நான் பக்கத்தில் இருப்பதையே மறந்தவர்போல. "செல்லையா என்று பேர். நாலு சீசன் என் கழுத்தில் தொங்கினான். ஒரு தடவைகூட நான் அவனை விட்டதில்லை. அப்புறம் ஒரு நாள் மலையிலிருந்து அவனை இறக்கிக்கொண்டு வந்தேன். அப்போதும் கையை அதே மாதிரிதான் என் கழுத்தில் போட்டிருந்தான். வழியில் கை தளர்ந்துபோச்சு. நான் விடவில்லை. அவன்தான் விட்டான். இரண்டு பேரைத் தூக்கினேன் என்று எனக்கு மெடல் கொடுத்தார்கள். ஒருத்தனைத்தான் உயிரோடு சேர்த்தேன்."

காவலர் தன் பெரிய கையை இவர் பிடரியில் வைத்துக்கொண்டு ரயில் வரும்வரை அப்படியே நின்றார்.

எனக்கு ஆத்திரமாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது. இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் செய்தவளுக்குச் சொல்லாததை, பேர்கூடத் தெரியாத ஒருத்தரிடம் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் சொல்கிறார். கோபம் முழுசாகப் போகவில்லை. ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் இவருக்குச் சாதம் நானே போட்டேன். மெடல் விஷயத்தில் மட்டும் நான் மாறவில்லை. பையன் சுவரில் ஆணி காத்திருக்கிறது.

டல்லஸ் விமான நிலையத்தில் எங்களைப் பார்த்ததுமே ஒரு பெண் ஓடி வந்தாள். "காதைப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டேன்! வாங்க மாமா, வாங்க அத்தை!" செல்விதான். இந்த நாட்டில் நம்மவர்கள் எல்லாரும் அங்கிள், ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள், விஜி தெருவில் பார்த்த அந்தக் கோபிக்காரர் உட்பட. இவள் வாய் நிறைய மாமா, அத்தை என்கிறாளே, கோவில்பட்டி வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வெயில் என்றால் கரூர் வெயில். காரில் போகிறோம், போகிறோம், போய்க்கொண்டே இருக்கிறோம். "பக்கத்துலதான் அத்தை, இன்னும் ஒரு எக்ஸிட்" என்று சொல்லியே அவள் ஒரு ஜில்லாவைத் தாண்டிவிட்டாள். வழியெல்லாம் நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். 'தப்பா நினைக்காதீங்க, எங்க பையன் ஆசைப்படறான்...' இல்லை, அது சரியில்லை. 'அது குடும்பத்துல இருக்க வேண்டிய பொருள் பாருங்க...' இது இன்னும் மோசம். செல்லையாவின் மனைவி பேச்சியம்மாள் அங்கேதான் இருக்கிறார் என்று செல்வி சொன்னதும் பார்த்த ஒத்திகையும் மறந்துவிட்டது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாசம் மாமியார், ஆறு மாசம் அம்மா என்று முறை போட்டு வரவழைத்திருக்கிறாள். இப்போது அம்மாவின் ஆறு மாசம்.

வாசலில் பேச்சியம்மாள் நின்றார். ஒல்லி உடம்பு, என் வயசுதான் இருக்கும். இவரைப் பார்த்துக் கும்பிட்டார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வாங்க மதினி. நல்லாருக்கீகளா? வழியெல்லாம் வெயிலா இருந்திருக்குமே."

கொங்கு நாட்டில் நாங்கள் மதினி என்பதில்லை. அண்ணன் பெண்டாட்டியை அப்படிக் கூப்பிடுவார்கள் என்று தெரியும். என்னை எதற்கு என்றுதான் விளங்கவில்லை.

கருப்பட்டிக் காபி வந்தது. அதற்கே அந்தம்மாவுக்கு எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம். மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இவரு உங்ககிட்ட ஒரு மெடல் கொடுத்தாராமே..."

இவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"மெடலா?" என்று யோசித்தார் பேச்சியம்மாள். பிறகு முகம் மலர்ந்தது. "ஓ, சார் வச்ச சீரா! இந்தா காட்டுதேன் மதினி."

கூடத்தில் தவழ்ந்துகொண்டிருந்த பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பத்து மாசத்துப் பையன், கொழுகொழுவென்று. சோபாவில் படுக்கவைத்துச் சட்டென்று டயப்பரை உருவிப் போட்டார். இடுப்பில் வெள்ளி அரைஞாண், பளபளவென்று.

"இதுதான்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. இவரைப் பார்த்தேன். இவருக்கும் புரியவில்லை.

"எனக்குக் கூடப்பொறந்தவுக யாரும் இல்லை மதினி. செல்விக்குச் சடங்கு வச்சோம். மாமன் சீர்த்தட்டு வெறுந்தட்டாக் கிடந்துச்சு. வந்த சனமெல்லாம் அந்தத் தட்டையே பாத்துக்கிட்டிருக்கு. புருசன் இருந்தாலாவது யாரையாச்சும் ஏற்பாடு பண்ணியிருப்பாக. நான் தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்கேன். அப்பப் பாத்து சார் வந்தாக. யார்கிட்டயும் பேசலை. நேரா அந்தத் தட்டுகிட்ட வந்தாக, பையிலேருந்து எடுத்து வெள்ளியை வச்சாக, கும்பிட்டுட்டுப் போயிட்டாக. அதுக்கப்புறம் எவ வாயைத் திறக்கா? அன்னைலேருந்து சார்தான் எனக்கு அண்ணன்."

"அது கவர்மெண்ட் மெடல்னு..." என்றேன்.

"தெரியும் மதினி. ஆசாரியும் கேட்டாரு, சிங்கம் போட்டிருக்கே, உருக்கலாமாம்மான்னு. தட்டுல வச்சா அது சீர்தானே, மாமன் போட்டதைப் பிள்ளை போட்டுக்கிடணும்லா, உருக்குங்கன்னேன். கொலுசு அடிச்சுப் போட்டோம். காலேஜ் போற வரைக்கும் அதைத்தான் போட்டிருந்தா. இவன் பொறந்ததும் அந்தக் கொலுசை அழிச்சு அரைஞாண் கொடி செஞ்சு கொண்டாந்தேன்."

நான் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராஷ்டிரத்தின் பதக்கம் ஒரு குழந்தையின் இடுப்பில் கயிறாகக் கிடக்கிறது. என்ன சொல்லப் போகிறாரோ?

"எனக்குத் தட்டு, சீர் ஒண்ணும் தெரியாதும்மா" என்றார் இவர் மெதுவாக. "அது அவனோடதுன்னு சொல்லிக் கொடுக்கத்தான் வந்தேன். உங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியலை. முன்னாடி ஒரு தட்டு இருந்தது, வெச்சுட்டு ஓடிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சின்னச் சிரிப்பில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். எப்போது அது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் கல்யாணமான நாளிலிருந்து இவர் அழுது நான் பார்த்ததே கிடையாது.

எனக்கு உட்காரவும் முடியவில்லை. கைப்பையிலிருந்து நீலப் பெட்டியை எடுத்தேன். இவர் மறுக்கவில்லை, தலையை ஆட்டினார். பேச்சியம்மாள் கையில் கொடுத்தேன். அவர் திறந்து, அந்த ரப்பர்த் துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல் தடத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"கோணப்பல்லு" என்றார். "இந்தப் பல்லைக் காட்டிச் சிரிச்சுத்தான் என்னைச் சம்மதிக்க வச்சாக."

"ஆஸ்பத்திரியில அவன் பையில இருந்தது. உங்களுக்குத்தான் அனுப்பியிருக்கணும். மனசு வரலை" என்றார் இவர்.

"அதனால என்ன அண்ணே. உங்ககிட்டதானே இருந்துச்சு" என்றார் பேச்சியம்மாள். பிறகு பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "குங்குமம் இருக்கே" என்றார்.

"நான்தானுங்க வச்சேன். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு" என்றேன். என்ன என்று தெரியாமலே இத்தனை வருஷம் சரியான ஆளுக்குத்தான் கற்பூரம் காட்டியிருக்கிறேன். பேச்சியம்மாள் என் தோளில் சாய்ந்துகொண்டார். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் வெட்கமில்லாமல் அழுதோம்.

மறுநாள் காலை காதுகுத்து. டாக்டர் கிளினிக்கில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை வைத்துக் குத்துவார்களாம். குழந்தையை யார் மடியில் வைப்பது என்று அந்த அமெரிக்க நர்ஸ் கேட்டதும், "மாமன் மடியிலதான்" என்றார் பேச்சியம்மாள். பிள்ளைக்குத் தாய்மாமன் இல்லை. தாய்க்குத் தாய்மாமன் இவர்தான். இவர் உட்கார்ந்தார். குண்டு பாய்ந்த மலையில் ஏறிய மனுஷன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒரு டக். பையன் வீறிட்டு, பிடிக்க ஏதாவது கிடைக்குமா என்று கையை வீசி, இவருடைய வலது காதைப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது டக்குக்கும் விடவில்லை. இவரும் எடுத்துவிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆரத்தி சுற்ற வேண்டும், டயப்பரோடு எல்லாம் ஆரத்தி எடுக்கக் கூடாது என்று பேச்சியம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார். பையன் அரைஞாணோடு மட்டும் இவர் மடியில் உட்கார்ந்தான். அத்தை முறைக்கு ஆரத்தித் தட்டு என் கையில். பாதி சுற்றும்போது போன் அடித்தது. அருண்.

"அம்மா, மெடல் கிடைச்சுதா?"

அந்த நேரம் பார்த்து இவர் "ஐயோ!" என்று கத்தினார். பட்டு வேட்டி முழுக்க நனைந்துவிட்டது. செல்வி துணி எடுக்க ஓடினாள். பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். பையன் இரண்டு கையாலும் அந்தக் காதைப் பிடித்துக்கொண்டான்.

"கிடைச்சுதுடா கண்ணு" என்றேன். "உங்கப்பா மடியிலதான் உட்கார்ந்திருக்குது. இப்பத்தான் ஒண்ணுக்குப் போச்சு."